தலைவருக்கு ஒரு கண் சின்னது

மாமா இருந்தார், படம் வரைந்தது அவர்தான். சைக்கிள் கடைக்காரர் இருந்தார். லாரி கிளீனர் இருந்தார். உப்பு மூட்டை தூக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். மாமாவின் ரசிகர் மன்றம் அவ்வளவுதான். மாமாவின் அக்கா, என் அம்மா இருந்தாள். மூன்றாவது படித்த நானும் இருந்தேன். அப்பா உப்பளத்திலிருந்து கடைசியாக வந்தார்.

மறுநாள் தலைவர் படம் ரிலீஸ். உப்புச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, எங்கள் வாசலில் மாமா பேனர் வரைந்திருந்தார். தியேட்டர் முன்னால் கட்ட வேண்டும். அவருடைய முதல் பேனர்.

மன்றத்தில் ஒரு பழக்கம். வரைந்தவன் கேட்காமல் யாரும் குறை சொல்லக் கூடாது. கேட்டாலும் பெயிண்ட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அப்பா மன்றத்தில் இல்லை. சேற்றுக் காலோடு நின்று பார்த்தார்.

"ஏம்பா, ஒரு கண்ணு சின்னதா இருக்குதே."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"பெயிண்ட்டு சரியில்லண்ணே. காஞ்சா சரியாயிடும்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"காஞ்சா கண்ணு பெருசாவுமா?"

"உங்கள யாருனா கேட்டாங்களா?" என்றாள் அம்மா.

"படத்ததானடி சொன்னேன்."

மாமா பிரஷ்ஷை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டார். "இத கட்ட வேணாம்" என்றார். போய்விட்டார்.

அன்று அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றவில்லை.

போஸ்டரில் தலைவரின் கண் சரியாகத் தெரியாததால், மாமா முகம் பார்க்கும் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்து வரைந்திருக்கிறார். மாமாவுக்கு ஒரு கண் சின்னது. மன்றத்துக்கே தெரியும். எனக்கு அப்போது தெரியாது. பிறந்ததிலிருந்து பார்க்கும் முகம், அதில் பெரிசு சின்னது எங்கே தெரியும்?

காலையில் மன்றத்து ஆட்கள் நாலு பேரும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். மாமாவைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். அவருக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரர் கறுப்புப் பெயிண்ட் டப்பாவை நீட்டினார்.

"தலைவருக்கும் ஒண்ணு போட்டுடு மச்சான். ஸ்டைலா இருக்கும்."

மாமா டப்பாவை வாங்கினார். பிறகு வரைந்தார். பேனர் தியேட்டருக்குப் போனது.

பகல் ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். விளக்கை அணைத்த பிறகும் யாரும் கூலிங்கிளாஸைக் கழற்றவில்லை. ஒருவருக்கும் படம் சரியாகத் தெரிந்திருக்காது. விசில் மட்டும் அடித்தார்கள்.

சண்டைக் காட்சியில் ஒருவர் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு தடவித் தடவி வந்தார். அப்பா. சினிமாவுக்கே போகாத ஆள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கூலிங்கிளாஸ், விலைச்சீட்டோடு.

"தள்ளி உக்காருப்பா" என்றார். மாமா தள்ளி உட்கார்ந்தார்.

எல்லாம் தலைவருக்காகத்தான் என்று நினைத்தேன்.

இருட்டில், ஆறு கூலிங்கிளாஸ்.