பெரிய மண்டையென்றால் ஆணாம்

எழுபதுகளின் தொடக்கத்தில், விலங்கியல் மேற்படிப்புக்காக மரக்காணம் கழுவெளிச் சதுப்பில் நீர்நாய் மண்டையோடு பொறுக்கினேன். ஆணின் மண்டைக்கும் பெண்ணின் மண்டைக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் ஆய்வு. தலைப்பைக் கொடுத்தவர் என் பேராசிரியர். கழுவெளிச் சேற்றில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

வலையைக் கிழிக்கும் நீர்நாயை அனுமந்தைப் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் அடித்துக் கொல்வார்கள். உடலை எறிந்துவிட்டுத் தலையை மட்டும் வலை கட்டும் கழியில் குத்தி வைப்பார்கள், மற்றவை பயந்து ஓடட்டும் என்று. அதனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் தலைகள். ஆணா பெண்ணா என்று தலையைக் கேட்டால் சொல்லுமா?

பேராசிரியர் சொல்லிவிட்டார். மேசையில் பரப்பி, பெரியதையெல்லாம் ஆண் என்றும் சிறியதையெல்லாம் பெண் என்றும் சீட்டு ஒட்டச் சொன்னார். எலும்பு இன்னும் ஒன்றோடொன்று சேராத குட்டிகளின் தலைகளும் பெண்ணாகிவிட்டன. பிறகு அளந்து பார்த்து, ஆணின் மண்டை பெரியது என்று கண்டுபிடித்தார்! இதற்கு அளவுகோல் ஒரு கேடு.

ஒரே ஒரு மண்டை மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது அடிபட்டுக் கிடந்தபோது பக்கத்தில் நின்றேன். முலைக்காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது. அடித்தவரிடம் தலையைக் கேட்டேன்.

"ஏம்மா, நீ எடுத்துக்கினு போய்ட்டா என் வலைக்கு யாரு காவலு? உங்க வாத்தியாரு வந்து கழி மேல குந்துவாரா?"

"அவர் தலைய வச்சா எதுவும் பயப்படாதுங்க."

சிரித்துவிட்டுக் கொடுத்தார்.

என்னிடமிருந்ததிலேயே பெரிய மண்டை அதுதான். பல் தேய்ந்த கிழடு. பேராசிரியர் அதை ஆண் வரிசையில் வைத்தார்.

"சார், பால் வடிஞ்சத நான் கண்ணால பாத்தேன்."

"இவ்ளோ பெரிய மண்ட பொம்பளைக்கு இருக்காதும்மா. கிராஃப் கெட்டுப்போயிடும். ஆண்னு எழுது. இல்லன்னா கையெழுத்து கெடையாது."

ஆய்வேட்டில் அதைப் பெண் என்றே எழுதினேன். மற்றதெல்லாம் ஆணா பெண்ணா தெரியாது என்றும் எழுதினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. பட்டம் போயிற்று. வீட்டிலும் என் வாய்தான் நீளம் என்றார்கள். நான் சேற்றில் இறங்கிக் கொண்டுவந்த மண்டைகளை வைத்து அவர் கட்டுரை போட்டார், அந்தத் தாயையும் ஆணாகக் கணக்கில் சேர்த்து.

ஆண் நீர்நாய்க்கு மண்டை பெரியதாகவே இருக்கட்டும். எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் அதைச் சொல்கிறவன் ஒரு நீர்நாயையாவது பார்த்திருக்க வேண்டும்.