கறிவேப்பிலை டின்னில் ஒரு புது வண்டு

உங்கள் வீட்டில் உலகத்தில் யாருக்குமே தெரியாத ஒரு ஜீவன் குடியிருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன் — இந்த வயதில், இந்த உடம்போடு, கையில் தோசைத் திருப்பியுடன்.

போன புதன்கிழமை காலை. மாடி வீட்டு ரெஜினா தடதடவென்று படியிறங்கி நேரே என் சமையலறைக்குள் வந்து நின்றாள். பாளையங்கோட்டைப் பெண். இங்கே டில்லியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பூச்சி விஞ்ஞானி. ஆபீஸ் கிளம்புகிற நேரத்தில் அவள் யாரிடமும் நின்று பேச மாட்டாள், பஸ் போய்விடும். அன்றைக்கு பஸ் போனால் போகட்டும் என்பது போல நின்றாள்.

"அக்கா, உங்க டின்ல பிடிச்சேம்லா ஒரு பூச்சி... அது புதுசுக்கா. இதுவரைக்கும் யாரும் பேரே வைக்கல."

எந்த டின், என்ன பூச்சி என்று சொல்ல வேண்டாமா? சொல்கிறேன்.

என் பால்கனியில் டால்டா டின்னில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. எங்கள் பிளாக் முழுவதற்கும் அதுதான் சப்ளை. இந்த ஜூலை மழையில் ஒருநாள் அதன் அடியில் மக்கிக் கிடந்த இலைகளைக் கிளறினேன். அரிசி நீளத்தில் ஏதோ ஒன்று வெளியே வந்து, தேள் மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் செருப்போடு வந்துவிட்டார். நல்லவேளை, மீன் குழம்புக்குக் கறிவேப்பிலை பறிக்க வந்திருந்தாள் ரெஜினா. "அடிச்சிராதீங்க சார்" என்று குறுக்கே பாய்ந்து, காலித் தைல பாட்டிலில் அதைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்புறம் தினமும் வந்து டின்னைக் குடைந்து இன்னும் சிலவற்றைப் பிடித்தாள். செடிக்கு வலிக்காமல் குடை என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

இங்கிலீஷில் ரோவ் பீட்டில் என்கிறார்கள். வண்டுதான். ஆனால் மற்ற வண்டுகளுக்கு முதுகு முழுக்க ஓடு மூடியிருக்கும் அல்லவா? இதற்குத் தோள் வரைக்கும்தான். துவைத்துத் துவைத்துச் சுருங்கிப்போன ஸ்வெட்டரை மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்... அந்தக் குட்டை ஸ்வெட்டருக்குள் முழுநீள இறக்கை மடித்து வைத்திருக்கிறது!

வெள்ளிக்கிழமை என்னைத் தன் ஆபீஸுக்கே அழைத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். ஐயோ, அந்த அழகை என்னவென்று சொல்ல! தலை கருநீலம். கழுத்துக்குக் கீழே செம்பு நிறம். உடம்பெல்லாம் பொன் மயிர், ஒன்றுகூடக் கலையாமல். இதையா செருப்பால் அடிக்கப் போனோம்?

புது வண்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்த ஒரு முறை இருக்கிறது. அதன் அங்க அடையாளங்களை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். ரெஜினா எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நிறம் இப்படி, உயரம் இப்படி, கண்கள் சற்றே பெரியவை, கால்கள் மெலிந்தவை... அச்சு அசல் மணமகள் தேவை விளம்பரம்தான். சம்பளம் மட்டும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் வண்டுகளைப் பிரித்தறிய ஆண் வண்டின் பிறப்புறுப்பைத்தான் பார்க்க வேண்டுமாம். அதை அவள் வரைந்த பெரிய படத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்து விளக்கியபோது என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் தலையை விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை.

ரெஜினாவுக்கு இது சாதாரண விஷயமில்லை. இத்தனை வருஷமாக அவள் பாடுபட்ட கட்டுரைகளிலெல்லாம் மேலதிகாரிகள் பெயர் முன்னால், அவள் பெயர் வாலில். இது ஒன்றுதான் அவளுடையது. வண்டின் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் அச்சாகும், புத்தகம் உள்ளவரை இருக்கும். ஆனால் இதே வகை வண்டுகளை வெளிநாட்டில் ஒருவர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். அவர் முந்திக்கொண்டால் எல்லாம் போச்சு. திங்கட்கிழமை கட்டுரையைக் கொடுத்தால் இந்த இதழில் வரும். தவறினால் அடுத்த இதழுக்கு அரை வருஷம்.

பெயரும் தயார். 'டெல்ஹியென்சிஸ்'. டில்லியைச் சேர்ந்தது என்று அர்த்தம்.

நான் சும்மா இருப்பேனா? காய்கறி வண்டிக்காரரிலிருந்து மதர் டெய்ரி பால் க்யூ வரை எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சரோஜினி நகர் என்றால் மலிவு விலைத் துணி மட்டும்தானா, எங்கள் பால்கனி வண்டு தெரியுமா என்று ஒரே பெருமை!

சனிக்கிழமை மாலை ரெஜினாவுக்காகக் கேசரி கிளறினேன். எதிர்வீட்டு மிசஸ் சோப்ரா பர்ஃபி டப்பாவோடு வந்தார். என் வீட்டுக்காரர் தன் உடைந்த ஹிந்தியில் அவரிடம் செடியின் பிரதாபத்தை ஆரம்பித்தார். இது இந்த ஊர்ச் செடி இல்லை, போன வருஷம் என் தங்கை மன்னார்குடியிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தண்ணீர் விட்டாள், மிட்டி பீ வஹீன் கீ என்றார்.

ரெஜினாவின் ஸ்பூன் பாதியில் நின்றது.

"சார்... மண்ணும் அங்க உள்ளதா?"

"பின்னே? ஊர் மண்ணோட வச்சாத்தானேம்மா வேர் பிடிக்கும்?"

மண்ணிலும் மக்கிய இலையிலும் வாழ்கிற வண்டு. மண் மன்னார்குடியிலிருந்து வந்திருக்கிறது. அப்படியானால் வண்டு?

எங்கள் யாருக்கும் இது ஏன் முன்பே தோன்றவில்லை என்கிறீர்களா? டில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கறிவேப்பிலை வேறு எப்படி வந்திருக்கும்? எல்லாம் ரயிலில், மடியில், ஊர் மண்ணோடு வந்தவைதான். ரெஜினாவும் பாளையங்கோட்டையிலிருந்து ஒன்று கொண்டுவந்தாள். முதல் குளிரிலேயே அது போய்ச் சேர்ந்தது. ஒரு பஞ்சாபி விஞ்ஞானியாக இருந்தால் முதல் கேள்வியே இது என்ன செடி, எங்கிருந்து வந்தது என்பதாக இருந்திருக்கும். எங்களுக்கு அது செடியா என்ன? சமையல் சாமான்!

ரெஜினா கண் கலங்கிவிட்டாள். ஒரு பெயர் ஒருமுறை அச்சேறிவிட்டால் தப்பென்று தெரிந்தாலும் மாற்ற முடியாதாம். அதுதான் அவர்கள் சட்டம். தஞ்சாவூர்ப் பக்கத்து வண்டு காலாகாலத்துக்கும் டில்லி வண்டு என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும், அவள் பெயரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஒரே வழிதான். டின்னுக்கு வெளியே, டில்லி மண்ணில், அதே வண்டு கிடைக்க வேண்டும்.

ஞாயிறு காலை மூன்று பெண்மணிகள் — ரெஜினா, நான், மிசஸ் சோப்ரா — காலனி பார்க்கில் வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்து, மக்கிய இலைகளை மாவுச் சல்லடையில் சலித்தோம். போகிறவர் வருகிறவரெல்லாம் பெஹன்ஜி, என்ன தொலைந்தது என்று விசாரித்தார்கள். வண்டு என்று சொல்ல வெட்கப்பட்டு, தோடு என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். காலனியே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டது! சாயங்காலத்துக்குள் மண்புழு கிடைத்தது, சோடா மூடி கிடைத்தது, சாதாரண ரோவ் வண்டுகள்கூடக் கிடைத்தன. யாருடையதோ ஒரு நிஜத் தோடும் கிடைத்தது. எங்கள் வண்டு மட்டும் கிடைக்கவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்கு ரெஜினா அழுதுகொண்டே பேனாவை எடுத்து 'டெல்ஹியென்சிஸ்' மேல் ஒரு கோடு போட்டாள்.

"ஏண்டி, இங்கேதானே பிடிச்சே? அப்புறம் என்ன?" என்றேன்.

"பிடிச்ச எடம் டில்லின்னு எழுதுதேன்க்கா. அது உண்மை. சொந்த ஊரும் டில்லிதான்னு எப்படி எழுத? எனக்குத் தெரியாதுல்லா."

"அப்போ மன்னார்குடின்னு வச்சுடேன்."

"அதுவும் தெரியாதுக்கா. நாக்பூர் ஸ்டேஷன்ல ஏறியிருந்துச்சுன்னா?"

அழுதுகொண்டிருந்தவள் அதைச் சொன்னதும் தானே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். டிக்கெட் இல்லாமல் நாக்பூரில் ஏறிய வண்டை நினைத்து நினைத்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடேயே மாடிக்குப் போய், டிக்ஷனரியைப் புரட்டி, புதுப் பெயரோடு இறங்கி வந்தாள். 'அட்வெனா'. லத்தீனில், வெளியூரிலிருந்து வந்தது என்று அர்த்தம். எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை, பொய்யும் இல்லை. கட்டுரையில் டால்டா டின், மன்னார்குடி மண், ரயில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிவிட்டாள்.

திங்கட்கிழமை கட்டுரை போய்ச் சேர்ந்தது. அதிகாரி ஒரு வார்த்தைகூட மாற்றவில்லையாம். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்தான், ஒரு பொட்டுக் குறையும் இருந்தது. இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். என் குழந்தைகளுக்குத் தமிழைவிட ஹிந்திதான் நன்றாக வருகிறது. இருந்தாலும் ஆட்டோ ஸ்கூட்டர்க்காரரிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரை எல்லோரும் என்னை, நீங்கள் எந்த ஊர் என்றுதான் கேட்கிறார்கள். என் பால்கனி வண்டாவது டில்லிக்காரன் என்று பெயர் எடுக்கும் என்று ஆசைப்பட்டேன்.

இதை மிசஸ் சோப்ராவிடம் சொல்லி அலுத்துக்கொண்டேன். தேசப் பிரிவினையின்போது ராவல்பிண்டியிலிருந்து கட்டிய துணியோடு வந்தவர் அவர்.

"பாஹர் ஸே ஆயா ஹை?" என்று கேட்டார்.

ஆமாம், வெளியிலிருந்து வந்ததுதான் என்றேன்.

"ஃபிர் தோ பக்கா தில்லிவாலா ஹை" — அப்படியானால் அசல் டில்லிக்காரன்தான் — என்று சொல்லிவிட்டு மிசஸ் சோப்ரா துணி உலர்த்தப் போய்விட்டார்.