மருந்து போன வழி

எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளை எடை போடுவதுதான் இருபத்திரண்டு வருஷமாகச் செல்லக்கண்ணுவின் வேலை. கட்டுக்கு நடுவே ஈர மண்ணை அடைத்து வந்தவர்கள், எடைமேடை ஓரத்தில் நைசாகக் காலை ஊன்றி நின்றவர்கள் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். யாரையும் எடுத்தவுடன் நம்பாதது அவருக்குத் தொழிலாகத் தொடங்கிக் குணமாகவே ஆகிவிட்டது.

அவருடைய அம்மா மருதாயிக்கு எழுபத்தாறு வயது. ஆடி மாதத்தில் ஒருநாள் காலை கொல்லையில் மயங்கி விழுந்தார். பக்கவாதம், கூடவே வலிப்பு. பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். முதல் மூன்று நாள் வலிப்பு மருந்தை ஊசியில் போட்டார்கள்; வலிப்பு நின்றது. விழுங்க முடியாததால் நாலாம் நாள் மூக்கு வழியாகக் குழாய் செருகி, பால் போன்ற சத்துக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். வலிப்பு மருந்தும் சிரப்பாக மாறி அதே குழாயில் போனது.

ஆறாம் நாள் மறுபடி வலிப்பு வந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர் ஃபர்ஹா, "மருந்து உடம்புல ரொம்பக் கம்மியா இருக்குங்க. டோஸைக் கூட்டுறேன்" என்றார்.

கூட்டிய பிறகும் இரண்டு தடவை வலித்தது. ரத்தத்தில் மருந்து ஏறவே இல்லை. செல்லக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. ஊற்றிய மருந்து எங்கே போகும்? ஊற்றினால்தானே! அவர் கண் நர்ஸ் ஜோதி மேல் விழுந்தது. மீன்சுருட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பெண், அதிகம் பேசமாட்டாள். பேசாததே அவருக்குக் குற்றமாகப் பட்டது. நேராக மருத்துவமனை மேலாளரிடம் போய், அவள் மருந்தை ஊற்றாமல் திருடுகிறாள் என்று புகார் சொல்லிவிட்டார்.

ஜோதியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெளியே வந்தவள் கண் சிவந்திருந்தது. மருந்துப் பாட்டிலையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"மருந்து இருக்கற மட்டத்துல நீங்களே கோடு போட்டுக்குங்க சார். ஒவ்வொரு வேளையும் பக்கத்துலயே நின்னு பாருங்க."

அவரும் விடவில்லை. வேளைக்கு வேளை கோடு போட்டார். இரண்டு நாள் பார்த்ததில் மருந்து ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் குழாய்க்குள்தான் போனது. ஆனால் மூன்றாவது சோதனையிலும் அதே கதை.

இப்போது சந்தேகம் பாட்டில் மேல் திரும்பியது. அதைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.

"இது போலி மருந்துங்க டாக்டர். என் கண்ணு முன்னாடிதான் ஊத்துறாங்க. வேலை செய்யலியே!"

"எப்படி ஊத்துறாங்க? பார்த்ததை அப்படியே சொல்லுங்க."

"பால் பாட்டில் மேல தொங்கிக்கிட்டு இருக்கு. அது பாட்டுக்கு எறங்கும். குழாயோட பக்கத்துத் திறப்புல சிரிஞ்சை வச்சு மருந்தைத் தள்ளுவாங்க. பால் நிக்கவே நிக்காது."

டாக்டர் ஃபர்ஹா பேனாவைக் கீழே வைத்தார்.

"நிறுத்தறதே இல்லையா?"

"இல்லைங்க. ஊசி போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. பால் எறங்க ஆரம்பிச்சப்புறந்தான் இந்தத் தொந்தரவே."

டாக்டர் தான் எழுதியிருந்த மருந்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தப்பு மருந்துலயும் இல்லை, ஜோதி மேலயும் இல்லை. இந்த மருந்து அந்தச் சத்துக் கரைசலோட சேர்ந்து போனா உடம்புல சரியா ஏறாது. மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கரைசலை நிறுத்தணும். நான்தான் எழுதியிருக்கணும். எழுதலை."

இப்படி ஒப்புக்கொள்வார் என்று செல்லக்கண்ணு எதிர்பார்க்கவில்லை. அதிலும் ஏதோ சூது இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தார்.

அன்றே முறை மாறியது. மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் கரைசலை நிறுத்தினார்கள். குழாயைத் தண்ணீர் விட்டு அலசினார்கள். நிறுத்திய நேரத்துக்கு ஈடாக மற்ற நேரத்தில் சற்று வேகமாக இறக்கினார்கள். இனி மருந்து முழுதாக ஏறிவிடும் என்று கூட்டிய டோஸையும் டாக்டர் குறைத்தார். அதிலிருந்து ஐந்தாம் நாள் சோதனையில் அளவு சரியாக வந்திருந்தது. வலிப்பு திரும்ப வரவில்லை. அடுத்த வாரம் மருதாயி கண்ணைத் திறந்து, மகனைப் பார்த்து, "சாப்டியாடா?" என்று குழறினார்.

செல்லக்கண்ணு வெளியே வந்து ஜோதியைத் தேடினார்.

"உம்மேல புகார் சொல்லியிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சுக்க."

"அம்மா பொழைச்சதுல சந்தோஷம் சார்" என்றாள் ஜோதி. "ஆனா எங்க வூட்டுக்கு விஷயம் போயிடுச்சு. 'நீ திருடுனியாடி'ன்னு எங்கப்பா போன்ல கேட்டாரு. அதை என்னால இப்போதைக்கு மறக்க முடியாது."

வாய் வார்த்தை போதாதென்று செல்லக்கண்ணுவுக்கே பட்டது. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, தன் புகார் தவறு, அந்தப் பெண்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலாளரிடம் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு, தாளை ஜோதியின் அப்பாவிடமே காட்ட மீன்சுருட்டிக்குப் போக எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார்.