எல்லாப் படமும் மோசம்

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் என் தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில், இரண்டு கண்ணிலும் கட்டுடன் ஒரு மடுகரைக்காரர் படுத்திருந்தார். நான் சொல்ல வந்தது அவர் மனைவியைப் பற்றி. அவர் கால்மாட்டில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செல்போனில் படம் பார்ப்பாள். ஒரு காதில் ஒயர்; இன்னொரு காது புருஷனுக்கு. முடிந்ததும் தீர்ப்பு.

“இன்னா படம்டி?”

“பேய்ப் படம்யா. பேயே கொட்டாவி உடுது.”

காதல் படமென்றால், “மழையில ஆடிக்கினே கீறாங்க, ஒரு தும்மல்கூட இல்ல.”

அவரோ படம் வந்த அன்றே பார்க்கிற மனிதராம். பார்வை திரும்புமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. “நல்லா கீதுன்னு சொன்னா மனுசன் ஏங்கிப்பூடும்ண்ணா. நான் மட்டும் ரசிக்கறது தப்பு பண்றாப்புல கீது” என்றாள் என்னிடம், தாழ்வாரத்தில்.

ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்த படத்தையும் குப்பை என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க பாத்தீங்களா?”

எனக்கு உயிரான படம். அவள் என்னையே பார்த்தாள்.

“பாதியிலேயே எழுந்து வந்துட்டேன்” என்றேன்.

“அப்படியா சார்? படம் பூரா கட்டில் குலுங்கிச்சே.”

மறுநாள் அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. கட்டிலின் காலியான ஓரத்தை அவர் கால் துழாவிக்கொண்டிருந்தது. நல்ல படம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.