முத்துமாரியின் ஆட்டோவும் மந்தைவெளி பஸ்ஸும்

என் மனைவி முத்துமாரி இறந்து இரண்டு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் அவளுடைய கைப்பக்குவத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மீன் குழம்பைத் தவிர அவளுக்கு எதுவும் சரியாக வராது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. அதை யாரும் சொல்லாததால் நான் எழுதிவைக்கிறேன்.

அவள் நொச்சிக்குப்பத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா குப்பம்மா மேற்கு மாம்பலத்தில் தெருத் தெருவாக மீன் விற்பவர். கூடையோடு கை காட்டினால் எந்த ஆட்டோவும் நிற்காது. வாடை அடிக்கும், அடுத்த சவாரி ஏற மாட்டான் என்பார்கள். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்திருக்கிறேன். கல்யாணம் ஆன புதிதில் மாரி என்னிடம் கேட்டது நகையோ புடவையோ அல்ல, ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொள்ளப் பணம். ஏன் என்றேன். "எங்கம்மாவ ஏத்தாதவன் எல்லாம் என்னப் பாக்கணும்" என்றாள். உரிமம் வாங்கி, பழைய பெட்ரோல் ஆட்டோ ஒன்றைத் தவணையில் எடுத்தாள். பின் சீட்டுக்கு அடியில் ஒரு தார்ப்பாயும் ஒரு கேன் தண்ணீரும் எப்போதும் இருக்கும். கூடை ஏறினால் தார்ப்பாயை விரிப்பாள், இறங்கியதும் கழுவிவிடுவாள். அவ்வளவுதான் விஷயம், இதற்கா இத்தனை வருஷம் பயந்தார்கள் என்பாள்.

ஸ்டாண்டில் இடம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்டாண்டு இல்லாத ஆட்டோ சவாரி தேடிச் சுற்றியே பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். மந்தைவெளிப் பக்கம், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு ஸ்டாண்டு இருக்கிறது. அதன் தலைவர் வேதநாயகம், சாந்தோம்காரர், யார் பேச்சையும் சட்டென்று ஏற்காதவர். பெண் ஒருத்தி வந்தால் பையன்கள் வாயைக் கட்டிக்கொண்டு பேச வேண்டியிருக்கும் என்று தட்டிக்கழித்தார்.

"அவுங்க பேசட்டும் அண்ணே. நானும் குப்பத்துக்காரிதான். நான் பேசுனா அவுங்க காது தாங்குமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் மாரி.

ஒரு வருஷம் விடாமல் கேட்டாள். வேதநாயகம் சிரித்த ஒரு நாளில் இடம் கிடைத்தது.

அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. விமான நிலையத்துக்கோ தாம்பரத்துக்கோ நீண்ட சவாரி கிடைத்தவர், திரும்பி வந்ததும் வேப்பமரத்தில் ஆணி அடித்துப் பூட்டு போட்ட தகரப் பெட்டியில் இருபது ரூபாய் போட வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்தவர் போட வேண்டியதில்லை. யாராவது வண்டி ஓட்ட முடியாமல் படுத்துவிட்டால் அந்தப் பெட்டியைத் திறப்பார்கள். மாரி சேர்ந்த பிறகு ஒருமுறை வேதநாயகமே கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். அவர் வீட்டுக்கு அரிசி அந்தப் பெட்டியிலிருந்துதான் போனது.

சில வருஷங்களுக்கு முன்பு, பெட்ரோல் விலை ஸ்டாண்டில் எல்லோரையும் கடித்துக்கொண்டிருந்த சமயம். விலையில் பெரும்பங்கு வரி என்பது அவர்களுக்குத் தெரியும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்று வந்ததிலிருந்து, கிட்டத்துக்கு ஆட்டோ ஏறிய பெண்களெல்லாம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். சாய்நாத் என்று ஒருவன், ஸ்டாண்டிலேயே நாக்கு நீண்டவன், இரண்டையும் முடிச்சுப் போட்டான்.

"இன்னாக்கா, உன் ஆளுங்கள்லாம் ஓசில போய்க்கினு கீறாங்க, நம்ம டேங்க்கு காசுல" என்று மாரியைச் சீண்டுவான்.

மாரி வீட்டுக்கு வந்து, சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள், அவன் சொல்வது நிஜமா என்று. பெட்ரோல் வரி நேரே பஸ்ஸுக்குப் போவதில்லை, எல்லா வரியும் பொதுக் கஜானாவுக்குப் போகிறது, அதிலிருந்துதான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாவற்றுக்கும் கொடுக்கிறார்கள் என்றேன்.

"அப்ப நம்ம காசும் அதுல கீது."

"இருக்கு."

"குடுக்கறதுல தப்பில்ல" என்றாள். "ஆனா சிக்னல்ல பெரிய கார்ல ஒத்தையா ஒருத்தன் ஏசி போட்டுகினு நிக்கறான். பின்னாடி நான் மூணு பேர ஏத்திகினு நிக்கறேன். லிட்டருக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வரி. அது எப்புடிய்யா நியாயம்?"

பெரிய வண்டி அதிகம் குடிக்கும், அதனால் அவன் அதிகம் கட்டுகிறான் என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவன் கட்டுனா சினிமாவுக்குப் போறது ஒண்ணு கொறையும். நான் கட்டுனா சட்டில மீனு கொறையும்."

மறுபடி கத்தியை எடுத்துச் செதில் தேய்த்தாள்.

அந்த வாரம் ஸ்டாண்டில் ஒரு முடிவெடுத்தார்கள். வரியையும் ஓசி பஸ்ஸையும் எதிர்த்துப் போராட்டம். திங்கட்கிழமை காலையில் பஸ் ஒதுங்கி நிற்கும் இடத்தில் எல்லா ஆட்டோவையும் வரிசையாக நிறுத்திவிட வேண்டும், பஸ் உள்ளே வரக் கூடாது. சேராதவர் ஸ்டாண்டில் இடத்தை விட்டுவிட வேண்டும் என்று வேதநாயகம் சொல்லிவிட்டார். மாரி அதை வந்து சொன்னபோது குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வண்டித் தவணை முடிய இன்னும் பாதிக் காலம் இருந்தது. இந்த இடம் போனால் வேறு ஸ்டாண்டில் சேர்ப்பார்களா என்று கேட்டேன். "ஒருத்தன் தொரத்துனத இன்னொருத்தன் சேக்க மாட்டான்" என்றாள்.

நான் தினமும் தி.நகருக்கு பஸ் ஏறுவது அந்த நிறுத்தத்தில்தான். திங்கட்கிழமை போனபோது ஆட்டோக்கள் ஒன்றின் வாலில் ஒன்றாக நின்றன. நடுவில் மாரியின் வண்டி. ஆழ்வார்பேட்டையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் வாங்கிவந்த இரண்டு பேர் என்று ஒரு கூட்டம் நடைபாதையில் விழித்துக்கொண்டிருந்தது. அதில் வேதநாயகத்தின் மனைவி மேகலாவும் இருந்தார். அவர் ஒரு வீட்டில் சமையல் செய்கிறார்.

"இன்னாய்யா இது? நீயே கொண்டாந்து வுடப் போறியா? மீட்டர் போடுவியா, இல்ல பேசித்தான் ஏறணுமா?" என்று புருஷனைக் கேட்டார். கூட்டம் சிரித்தது. இன்றைக்கு ஒரு நாள் நடந்து போய் ஏறிக்கொள் என்று வேதநாயகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முதல் பஸ் வந்தது. ஒதுங்க இடமில்லை. பின்னால் வண்டிகள் ஒலி எழுப்ப, ஓட்டுநர் நிறுத்தாமல் வளைவு தாண்டிப் போய் நிறுத்தினார். பெண்கள் ஓடினார்கள். கூடைக்காரர்களால் ஓட முடியவில்லை. அவர்களில் ஒருவர் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது மாரி வண்டியைக் கிளப்பினாள். முன்னால் நின்றவனை ஒரு அடி நகரச் சொல்லி, திருப்பி, வெளியே எடுத்து, தெருவின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். வரிசையில் ஓர் ஆட்டோ அளவுக்கு வழி விழுந்தது. பஸ் நுழைய அது போதாது. ஆள் நுழையப் போதும். திரும்பி வந்து சாலையில் இறங்கி நின்று, அடுத்த பஸ்ஸுக்குக் கை நீட்டினாள். பஸ் நடுச்சாலையில் நின்றது. அந்த வழியாகக் கூடைகள் முதலில் ஏறின. பிறகு மேகலா. பிறகு நான். படியில் நிற்கும்போது வேதநாயகம் அவளிடம் வந்து, சாயங்காலம் டீக்கடைக்கு வரச் சொன்னது காதில் விழுந்தது.

"உன் எடத்த பத்திப் பேசணும்."

"பேசுங்க அண்ணே, வரேன்."

மீதியைப் பிறகு கேள்விப்பட்டேன். பதினோரு மணி வரை ஸ்டாண்டில் ஒருவர்கூடச் சவாரி கேட்டு வரவில்லை. அதுவரை யாரும் யோசிக்காத ஒன்று அப்போதுதான் புரிந்திருக்கிறது: அவர்களிடம் ஆட்டோ ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள். பஸ்ஸோ வளைவுக்கு அப்பால் இன்னொரு ஸ்டாண்டின் வாசலில் எல்லோரையும் இறக்கிக்கொண்டிருந்தது. மதியம் அந்த ஸ்டாண்டிலிருந்து டீக்கடைக்காரர் ஒரு பெரிய கெட்டிலோடு வந்தாராம். எல்லோருக்கும் டீ, அவர்கள் செலவு, தினமும் இப்படியே போராடச் சொன்னார்கள் என்று சேதி. டீயை யாரும் தொடவில்லை. சாய்நாத் மட்டும் குடித்தான். அரை மணியில் ஒவ்வொரு வண்டியாக இடத்தைக் காலி செய்தது.

ஆனால் அதனால் கோபம் குறையவில்லை, கூடித்தான் போனது. தோற்ற நாளில் கூட இருந்து விலகியவள்மேல்தான் எல்லாம் திரும்பும். கடை முடிந்து நான் வந்தபோது டீக்கடை வாசலில் கூடியிருந்தார்கள். நான் தள்ளி நின்றேன். கட்டுப்பாடு என்றால் எல்லோருக்கும் கட்டுப்பாடு, ஒருத்திக்காக வளைத்தால் நாளைக்கு ஸ்டாண்டே இருக்காது என்று வேதநாயகம் பேசினார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் வயிற்றில் அடித்து அவர்களுக்கு ஓசியா என்று சாய்நாத் கேட்டான்.

மாரி எழுந்தாள். டீயைப் பற்றிப் பேசி அவர்களைக் குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. வேப்பமரத்தைக் காட்டினாள்.

"ஏர்போர்ட்டு போனவன் பொட்டில போடறான். போவாதவன் போடறதில்ல. படுத்துகினு கீறவனுக்கு அதுலேந்து எடுத்துக் குடுக்கறோம். என்னிக்காவது ஒருத்தன் வூட்டுக்கு அரிசி போனப்ப அத நாம ஓசின்னு சொன்னோமா?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தொடர்ந்தாள்.

"வரி ஜாஸ்தின்னா, கேப்போம். ஆட்டோவுக்கும் பெரிய காருக்கும் ஒரே மாதிரி வாங்காதன்னு கேப்போம். எங்க வேணா வந்து நிக்கறேன், மொத ஆளா. வாங்குன காசுக்கு இன்னும் நாலு பஸ் வுடுன்னும் கேப்போம். பஸ்ஸ நிறுத்துன்னு மட்டும் நான் கேக்க மாட்டேன். எங்கம்மா அதுலதான் போவுது. அண்ணி அதுலதான் போவுறாங்க."

வேதநாயகம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "நான் படுத்துகினு கெடந்தப்ப நீ அதுல எவ்ளோ போட்ட?" என்றார்.

"யாரு எவ்ளோ போட்டாங்கன்னு பொட்டி சொல்லாது அண்ணே. அதுக்குத்தான் பொட்டி."

அன்றைக்கு அவளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அங்கிருந்தவர்களில் அவளைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒருவனாக நான் இருந்தேன். அது போதும்.

இடம் போகவில்லை. கட்டுப்பாட்டை மீறியதற்கு ஒரு வாரம் அவள் வண்டி வரிசையில் கடைசி, எத்தனை தரம் வந்தாலும் கடைசி என்றார் வேதநாயகம். "அது நியாயம்" என்று மாரி ஒப்புக்கொண்டாள். அந்த வாரம் முழுக்கக் கடைசியில் நின்றாள், ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி. மறு ஞாயிற்றுக்கிழமை, பஸ் நிற்கும் இடத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அவர்களே ஒரு கோடு போட்டார்கள். யாரோ வீட்டுக்கு அடித்து மீந்த பெயின்ட், வானநீலம். கோடு கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. பிரஷ் பிடித்தது சாய்நாத்.

பிறகு எல்லோருமாகப் போய் மனு கொடுத்தார்கள். அதை எழுதிக் கொடுத்தவன் நான், வாசகம் அவளுடையது. பெட்ரோலுக்குச் சலுகை வரவில்லை. அவள் அதைப் பற்றிப் புலம்பியதில்லை, கேட்பதை விட்டதும் இல்லை.

போன வருஷக் கடைசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குப்பம்மா தினமும் அந்த பஸ்ஸில்தான் மகளைப் பார்க்க வந்தார். வேதநாயகம் வாரம் ஒருமுறை வந்து என் சட்டைப்பையில் பணத்தை வைத்துவிட்டுப் போவார். யார் போட்டது என்று ஒருமுறை கேட்டேன். "பொட்டி சொல்லாது மாப்ள" என்றார். கட்டிலில் படுத்திருந்த மாரி அதைக் கேட்டுச் சிரித்தாள். வலி வந்து பாதியில் நின்றுபோன சிரிப்பு.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, ஸ்டாண்டில் அவளுடைய இடத்தை ஒப்படைக்கப் போனேன். அதை வாங்க நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். வேதநாயகம் ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்தார். மீர்சாகிப்பேட்டையிலிருந்து ஜஹனாரா என்று ஒரு பெண், உரிமம் வைத்திருக்கிறாள், வண்டி இல்லை. இடம் அவளுக்குத்தான், மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும் என்றார். வண்டியைக் கொடுப்பீர்களா என்று கேட்டார். கொடுத்தேன். தார்ப்பாயையும் தண்ணீர்க் கேனையும் எடுக்க வேண்டாம் என்று மட்டும் ஜஹனாராவிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்திருந்தது.

நேற்றுக் காலை நான் நிறுத்தத்தில் நின்றபோது ஜஹனாரா மீனம்பாக்கம் விமான நிலையம் போய்த் திரும்பி வந்தாள். இறங்கி, மரத்தடிக்குப் போய்ப் பெட்டியில் போட்டாள். "இன்னாக்கா, மொத நீட்டு சவாரியா? எங்களுக்கு டீ இல்லியா?" என்றான் சாய்நாத். "ஓசி டீ குடிச்சவன் நீதானாமே" என்றாள் அவள். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

பஸ் வந்தது. நீலக் கோட்டுக்குள் ஒதுங்கி நின்றது. பெண்கள் கூடைகளோடு ஏறினார்கள். கடைசியாக நான் ஏறி டிக்கெட் வாங்கினேன்.