கோப்பியின் நான்காவது கால்

கோப்பியைத் தொடலாம், தடவலாம், கழுத்தைக் கட்டிக்கொண்டு கதைகூடப் பேசலாம். காலைப் பிடிக்க மட்டும் கூடாது. பிடித்தால் அந்தக் கரும்பழுப்புப் பெண் குதிரைக்கு உலகமே இடிந்து விழுந்தமாதிரி. எதிரில் இருப்பது மனிதரா மரமா என்று பாராமல் உதைத்துத் தள்ளிவிட்டு ஓடப் பார்க்கும்.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை அது. முன்பு இருந்த இடத்தில் இடது பின்னங்கால் முள்கம்பியில் சிக்கி, இழுத்து இழுத்துத் தோலைக் கிழித்துக்கொண்டது. குளம்புக்கு மேலே அந்தத் தழும்பு இன்னும் வெள்ளையாகத் தெரியும். காப்பாரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தன் சின்ன லாயத்துக்கு அதை வாங்கி வந்தவர் ஜெயமாலா. அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்க எட்டுக் குதிரைகள் வைத்திருக்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, வாரத்தில் நான்கு நாள் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

கோப்பியைப் பழக்கும் பொறுப்பு தாமரைக்கு. வயது இருபத்தாறு. செர்டாங்கில் கால்நடை அறிவியல் படித்தவள். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டியவர். அம்மா சீதாலெட்சுமி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரிங் நூடுல்ஸ் பிரட்டுபவர். பட்டம் வாங்கியதும் தாமரை தெலுக் பங்லிமா காராங்கில் தீவனத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு மாதம் கணினி முன் உட்கார்ந்தாள். அங்கே ஆடு, மாடு எதையும் பார்க்காமலே ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரிய அறிக்கைகள் எழுதினாள். ஒரு நாள் விட்டுவிட்டாள்.

"நாலு வருசம் படிச்சது குதிரைக்குக் காலைக் கட்டவா?" என்று அம்மா கேட்டார்.

"கட்டுறதுக்கு இல்லம்மா. கட்டுனா பயப்படாம நிக்கிறதுக்கு."

"ரெண்டும் ஒன்னுதானே?"

ரெண்டும் ஒன்றில்லை என்று தாமரைக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை. குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. கால் சிக்கினால் செத்தோம் என்று அதன் உடம்புக்கே தெரியும். யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும். முதலில் மெத்தென்ற பருத்திக் கயிற்றை ஒரு முன்னங்காலில் சும்மா சுற்றிப் போடுவது. பிறகு லேசாக இழுப்பது. குதிரை ஒரு நொடி இறுக்கம் தளர்ந்தாலும் உடனே கயிற்றை விட்டுவிடுவது. விடுவதில்தான் பாடமே இருக்கிறது. இப்படி ஒவ்வொரு காலாகப் பழகி, கடைசியில் இரண்டு முன்னங்கால்களிலும் தளை போட்டாலும் நின்று புல் மேயும் அளவுக்கு வந்துவிட்டால், லாடம் அடிப்பவருக்கும் நிற்கும். நாளைக்கே வேலிக் கம்பியில் சிக்கினாலும் இழுத்துக் கிழித்துக்கொள்ளாமல் ஆள் வரும்வரை காத்து நிற்கும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் சுலபம். கோப்பியோ மூன்று மாதமாக முன்னங்கால்களோடு சரி. அதுவும் நாளுக்கு நாள் பின்னுக்குப் போனது. பழகப் பழகப் பயம் கூடிக்கொண்டே வந்தது.

தாமரை எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். எந்தக் கால், எத்தனை நொடி, காது எந்தப் பக்கம், வால் எப்படி, மழையா வெயிலா. கைப்பேசியைக் கம்பத்தில் கட்டி வீடியோவும் எடுத்தாள். எதுவும் பிடிபடவில்லை. சில இரவுகளில், வேறு யாருக்கோ போக வேண்டிய பட்டம் தன் கையில் வந்துவிட்டதோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் அமானுல்லா பாய் உதை வாங்கினார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, ஸ்ரீ கெம்பாங்கானில் தங்கி, லாயம் லாயமாகப் போய் லாடம் அடிப்பவர். கோப்பியின் குளம்புகள் வளர்ந்து முன்பக்கம் மடியத் தொடங்கியிருந்தன. பின்னங்காலைத் தூக்கியதுதான் தெரியும். அடுத்த நிமிடம் மணலில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது தங்கச்சி. அதுங்களுக்கு அத்தா முழுசா வேணும்," என்றார். "இந்தம்மாவுக்கு நீங்களே செருப்பு வாங்கி மாட்டி விடுங்க."

ஜெயமாலா சிரிக்கவில்லை. "பிள்ளை, நான் சொல்றதைக் கேள்," என்று தாமரையைத் தனியே அழைத்தார். "குளம்பு வெட்டாட்டி இன்னும் ரெண்டு மாசத்துல நொண்டும். நொண்டுற குதிரையை வச்சிருக்க எனக்கு இடமும் இல்லை, தெம்பும் இல்லை. வியாபாரி ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"எங்க கொண்டு போவான் ஆன்டி?"

ஜெயமாலா செம்பனை மரங்களைப் பார்த்தார். "நான் கேட்கலை. நீயும் கேட்காதே."

அமானுல்லா பாயைக் கெஞ்சிக் கூத்தாடி, மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கடைசியாக ஒரு முறை வரச் சம்மதிக்க வைத்தாள் தாமரை. அன்று கோப்பி நிற்கவில்லை என்றால் திங்கட்கிழமை வியாபாரியின் லோரி வரும் என்று ஜெயமாலா சொல்லிவிட்டார்.

முதல் வாரம் வீணாய்ப் போனது. இன்னும் மென்மையாக, இன்னும் அன்பாகச் செய்து பார்த்தாள். கோப்பியின் உடல் நடுங்கத் தொடங்கும்போதெல்லாம் கழுத்தைத் தட்டி, "ஒன்னும் இல்லம்மா, ஒன்னும் இல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழும் குழந்தையிடம் சொல்லும் அதே குரலில். கோப்பி இன்னும் நடுங்கியது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் நாள். வாரம் மூன்று முறை கிள்ளானில் அந்த நிலையத்தில் நான்கு மணி நேரம் அப்பா படுத்திருக்க வேண்டும். தாதி இரண்டு தடித்த ஊசிகளை இடக்கையில் ஏற்றுவார். அம்மா பக்கத்தில் நின்று வலக்கையைப் பிடித்துக்கொள்வார். எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். அன்று தாமரை காரணமில்லாமல் அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாதி பஞ்சால் துடைத்தார். விரல்கள் தளர்ந்தே இருந்தன. ஊசியை உறையிலிருந்து எடுத்தார். அப்போதும் தளர்வுதான், அப்பா கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் இல்லங்க, ஒன்னும் இல்ல," என்றார் அம்மா.

அப்பாவின் விரல்கள் படக்கென்று மடங்கின. ஊசி இன்னும் தோலைத் தொடவேயில்லை.

தாமரை சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பேசியை எடுத்து, தான் எடுத்த வீடியோக்களை ஒவ்வொன்றாக, ஒலியோடு, பார்த்தாள். இதுவரை கோப்பியை மட்டுமே பார்த்திருந்தாள். தன் குரலைக் கேட்டதேயில்லை. கயிறு தரையில் கிடக்கிறது. அவள் குனிகிறாள். "ஒன்னும் இல்லம்மா." கோப்பியின் காதுகள் பின்னால் மடிகின்றன. அதற்குப் பிறகுதான் கயிறு காலைத் தொடுகிறது. அடுத்த வீடியோவிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

மூன்று மாதமாக, பயப்படு, இதோ வருகிறது என்று தன் வாயாலேயே அவள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். குதிரையின் காதையும் வாலையும் நொடி நொடியாக எழுதிய நோட்டில், தான் என்ன செய்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் அந்தச் சொல்லை யாருக்காகச் சொன்னாள்? கோப்பிக்காகவா, உதை விழுமோ என்று பயந்த தனக்காகவா?

வீடு திரும்பும் வழியில் காரில், அப்பா பின்னிருக்கையில் தூங்கிய பிறகு, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, ஊசி போடறப்ப அப்படிச் சொல்லாதீங்களேன்."

"எப்படி?"

"ஒன்னும் இல்லன்னு. அதக் கேட்டுத்தான் அப்பா பயப்படறாரு."

சீதாலெட்சுமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என்னத்தச் சொல்றது?"

"ஒன்னும் சொல்ல வேணாம். கைய மட்டும் பிடிச்சிக்குங்க."

"வாய மூடிக்கிட்டு நிக்கவா நான் லீவு போட்டுட்டு வரேன்?" என்றார் அம்மா. பிறகு, "பத்து வருசமா சொல்றேன். ஒரு நாள்கூட வேணாம்னு சொல்லல அந்த மனுசன்," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். குதிரையிடம் படித்த பாடத்தை அம்மாவிடம் சொன்ன விதம் சரியில்லை என்று தாமரைக்கு வீடு வந்து சேர்வதற்குள் பலமுறை தோன்றியது.

சனிக்கிழமையிலிருந்து அவள் லாயத்தில் பேசாமல் வேலை செய்தாள். நினைத்ததுபோல் அது எளிதாக இல்லை. கோப்பி நடுங்கியதும் சொல் தானாக நாக்குக்கு வந்து நின்றது. முதல் நாளே மூன்று முறை வாய் தவறிவிட்டது. அடுத்த நாள் பாசார் கடையில் 'ஆசாம்போய்' ஒரு பொட்டலம் வாங்கினாள். உப்பும் புளிப்புமாகக் காய்ந்த பிளம் பழம். கயிற்றை எடுக்கும் முன் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டாள். அதை மெல்லாமல் வைத்திருக்க வாயை மூடியே ஆக வேண்டும்.

பேச்சு நின்றதும் பார்க்க நிறைய இருந்தது. கோப்பி பயப்படும் முன் அதன் தோள் தோலில் ஒரு சிறு துடிப்பு ஓடும். ஈ உட்கார்ந்த மாதிரி. அங்கேயே கயிற்றை நிறுத்த வேண்டும். தளரும் முன் கீழுதடு தொங்கும். அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ஐந்தாம் நாள் வலது பின்னங்காலில் கயிறு சுற்றி இழுத்தபோது கோப்பி எடையை மறுகாலுக்கு மாற்றி, காலைத் தானே தூக்கிக் கொடுத்தது. தாமரை கயிற்றை விட்டுவிட்டு அதன் வயிற்றில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

தழும்புள்ள இடது பின்னங்கால் மட்டும் மசியவில்லை. கயிறு அந்த வெள்ளைத் தோலில் படும், கோப்பி ஒரு மூச்சு பொறுக்கும், பிறகு உதறும். பத்தாம் நாள் இரண்டு மூச்சு பொறுத்தது. பதிமூன்றாம் நாள் நான்கு. அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

அமானுல்லா பாய் தடித்த தோல் கவசத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோப்பியைத் தூரத்திலிருந்தே சுற்றி வந்தார். ஜெயமாலா மூங்கில் தடுப்புக்கு வெளியே நின்றார்; கையில் கைப்பேசி. தாமரை வாயில் ஆசாம்போயோடு கோப்பியின் தலைப்பக்கம் நின்றாள்.

"என்ன தங்கச்சி, ஒன்னும் பேச மாட்டேங்கிற? என்மேல கோவமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரிதான். ரெண்டு பொம்பளையும் சேர்ந்து என்னை மௌனமா பழி வாங்கறீங்க." பாய் பிஸ்மி சொல்லிவிட்டு முன்னங்காலைத் தூக்கினார்.

முன்னங்கால்கள் இரண்டும் அரை மணி நேரத்தில் முடிந்தன. வளைந்த கத்தி சீவிய குளம்புச் சுருள்கள் மணலில் உதிர்ந்தன. வலது பின்னங்காலைத் தூக்கியபோது கோப்பியின் தோளில் அந்தத் துடிப்பு ஓடியது. தாமரை கையை உயர்த்திக் காட்டினாள். பாய் அப்படியே நிறுத்தி, காலைக் கீழே விட்டார். மறுபடி தூக்கினார். கோப்பி கொடுத்தது. மூன்றாவது லாடமும் ஏறியது.

நான்காவது கால்.

பாயின் கை தழும்பைத் தொட்டதும் கோப்பி உதறியது. அவர் ஒரே எட்டில் விலகிவிட்டார். தாமரையின் நாக்கு நுனிக்கு அந்தச் சொல் வந்துவிட்டது. வாயில் இருந்ததைக் கடித்துக்கொண்டாள். புளிப்பில் கண்ணில் நீர் வந்தது. கோப்பியின் கடிவாளக் கயிற்றை இறுக்கவில்லை. கொஞ்சம் தளர்த்தினாள்.

தூரத்தில் எங்கோ செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் சத்தம். கோப்பி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. காத்திருந்த எச்சரிக்கை வரவேயில்லை. நீளமாக மூச்சு விட்டது. பாய் மறுபடி தழும்புக்கு மேலே கையை வைத்து, காலைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கினார். கத்தியால் இரண்டு சீவல். கோப்பியின் தோள் துடிக்கும் முன் கீழே வைத்தார். மறுபடி தூக்கி, இரண்டு சீவல். இப்படி ஏழு முறை. குளம்பின் மடிந்த முனை போய்விட்டது.

எட்டாவது முறை கோப்பி கொடுக்கவில்லை. பாய் கத்தியைப் பையில் போட்டார்.

"லாடம் இன்னைக்கு வேணாம்," என்றார். "இதுக்கு மேல கேட்டா நம்ம பேராசை."

தாமரை ஜெயமாலாவைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று லாடம், ஒரு வெறுங்கால். நின்றதா, நிற்கவில்லையா? அவளாலேயே சொல்ல முடியவில்லை.

ஜெயமாலா தடுப்புக்கு உள்ளே வந்து, குனிந்து, மூன்று லாடங்களையும் பார்த்தார். பிறகு நான்காவது குளம்பை. "எத்தனை தடவை தூக்கிக் குடுத்தது?"

"ஏழு," என்றார் பாய். "போன தடவ எனக்குக் குடுத்தது ஒன்னே ஒன்னு. தொடையில."

ஜெயமாலா கைப்பேசியில் எண்ணை அழுத்தினார். "ஹலோ, திங்கக்கிழமை லோரி வேணாம் லா... இல்லை, விலை இல்லை பிரச்சினை. குதிரை இங்கேயே இருக்கட்டும்." பேசி முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கார்ப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்று, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தாமரை கடிவாளக் கயிற்றைக் கழற்றினாள். கோப்பி அங்கேயே நின்றது. இடது பின்னங்காலின் எடையை எடுத்துவிட்டு, குளம்பின் நுனியை மட்டும் மணலில் ஊன்றி, கண்ணைப் பாதி மூடியது. குதிரைகள் நிம்மதியாக இருக்கும்போது அப்படித்தான் நிற்கும்.

அமானுல்லா பாய் ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். தாமரை வாயிலிருந்த கொட்டையைத் துப்பினாள். அந்த ஒரு மணி நேரத்தில் முதல் முறையாகப் பேசினாள்.

"பாய், அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரீங்க?"