சார்ஜிங் பார்க்க வருபவர்

நான் ஒருவர்மேல் பொய்ப்பழி போட்டேன். வீட்டில் மனைவி பக்திப் பாடல் தவிர எதையும் வைக்க விடமாட்டாள். அதனால் கீழே நின்ற என் பழைய காருக்குள் உட்கார்ந்து சினிமாப் பாட்டுக் கேட்டேன்; பேட்டரி தீர்ந்தது. தாராவி கார் எலக்ட்ரீஷியன் மாட்டிய பெரிய ஆல்டர்னேட்டர், என்ஜின் ஓடும்போதும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் எங்கள் மாட்டுங்கா கட்டடம் முழுக்கச் சொன்னாள். பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

அந்த எலக்ட்ரீஷியன் காதிடுக்கில் டெஸ்டரைச் செருகியிருப்பார். வேலை முடிந்ததும் வண்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்து, "சார்ஜிங் பாக்கேன்" என்பார்.

மனம் உறுத்த, அவரிடமே போய் உண்மையைச் சொன்னேன்.

"வீட்டம்மாட்ட சொல்லிட்டியளா சார்?"

"இன்னும் இல்லப்பா."

"பின்ன எங்கிட்ட எதுக்கு? அங்க போயி சொல்லுங்க."

சொன்னேன். மாலைக்குள் கட்டடமே என்னைப் பார்த்துச் சிரித்தது. அவருக்கு வேலை திரும்ப வந்தது.

இப்போது ஞாயிறுதோறும் என் வண்டிக்கும் சார்ஜிங் பார்க்க வருகிறார். கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். என்ஜின் ஓடுவதில்லை, பாட்டுதான் ஓடுகிறது.